பழைய சிட்டி வீடெக்குக்குப் புதிய மாடல் சீட்: உப்புக்காற்று ஊரில் மாட்டும் முழு முறை

என்னிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக். ஷோரூமில் அதைக் குடும்பக் கார் என்றுதான் விற்றார்கள். ஆனால் 106 குதிரைசக்தி, கனம் குறைந்த உடம்பு, தரையோடு ஒட்டி உட்காரும் வாகு என்று பார்த்தால், அந்தக் காலத்தில் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். எஞ்சினில் இன்றும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் சீட்டில். இருபது வருட வெயிலில் உள்ளே இருக்கும் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஸ்பிரிங் கம்பி தொடையில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு ஓட்டிப் போனால் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாக இருந்தது.

புது மாடல் காரின் சீட்டைப் பழைய காரில் மாட்டுவதைப் பலர் நான்கு போல்ட் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். மோதலின்போது உங்கள் எடையையும் சீட்டின் எடையையும் தாங்குவது அந்த நான்கு போல்ட். பல கார்களில் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட்டோடுதான் இருக்கிறது, அதனால் பெல்ட்டின் பாதி இழுவையும் அதே போல்ட் வழியாகத் தரைக்குப் போகிறது. அந்தத் தரையோ நம் கடற்கரையில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓசைப்படாமல் துருவேறிக் கிடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சீட்டைவிடத் தரையைப் பற்றி அதிகம் பேசுவேன்.

வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

வாங்குவதற்கு முன் அளவு

சீட்டை வாங்கிவிட்டு அளவெடுப்பவர்கள்தான் அதிகம். அதைச் செய்யாதீர்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1989-ல் வந்த முதல் தலைமுறைக் காரில் 1998-க்குப் பிந்தைய இரண்டாம் தலைமுறையின் சீட் ஏறக்குறைய போல்ட்டுக்குப் போல்ட் உட்கார்ந்துவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது.

சிட்டிக்கு சிட்டி சீட்தானே பொருந்தும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 2003-ல் வந்த சிட்டியிலிருந்து ஹோண்டா பெட்ரோல் டேங்கை முன் சீட்டுகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பழைய சிட்டியில் டேங்க் பின் சீட்டுக்கு அடியில். டேங்குக்கு இடம் விடுவதற்காகப் புது சிட்டியின் தரை முன் சீட் இருக்கும் இடத்தில் மேடாக இருக்கும், சீட்டின் கால்களும் அந்த மேட்டுக்கு ஏற்றபடி செய்யப்பட்டிருக்கும். பழைய காரின் தட்டையான தரையில் வைத்தால் அது சாய்ந்துகொண்டு நிற்கும். பெயர் ஒன்று, கம்பெனி ஒன்று, ஆனால் பொருத்தம் வேறு. கடைசியில் நான் போனது 2006-க்குப் பின் இங்கே விற்ற சிவிக்கின் சீட்டுக்கு. அதில் டேங்க் பின்னால்தான், தரையும் ஓரளவு சமம். அதுவும் நேராக உட்காரவில்லை, சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் வைக்க இரும்புப் பட்டை செய்துதான் மாட்டினேன். ஆனால் பட்டை செய்யக்கூடிய அளவுக்கு நெருங்கி வந்தது.

எடுக்க வேண்டிய அளவுகளைச் சொல்கிறேன். தரையில் உள்ள நான்கு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு: முன் இரண்டுக்கு இடையே, பின் இரண்டுக்கு இடையே, இடப்பக்கம் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே, வலப்பக்கம் அதே. இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள், சதுரம் கோணலா என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும். நான்கு ஓட்டைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு நேர்க்கோலை மேலே வைத்து ஒவ்வொன்றும் எவ்வளவு பள்ளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கியர் மேட்டுக்கும் கதவுப் படிக்கும் இடையே உள்ள அகலம் அடுத்தது. புது சீட்டுகள் தோள் பக்கமும் தொடைப் பக்கமும் புடைத்திருக்கும், கதவை மூடும்போது பிளாஸ்டிக் உரசும்.

எல்லோரும் மறப்பது உட்காரும் உயரம். பழைய சீட்டில் நீங்களே உட்கார்ந்து, இன்னொருவரை விட்டுத் தரையிலிருந்து உங்கள் இடுப்பு எலும்பு வரை அளக்கச் சொல்லுங்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவில் எத்தனை விரல் இடம் என்று பாருங்கள். புது சீட் பெரும்பாலும் உயரமானது. அதன் மேல் பட்டையின் கனமும் சேர்ந்தால் தலை கூரையில் முட்டும், ஸ்டியரிங் தொடையில் இடிக்கும், முன் கண்ணாடியின் மேல்விளிம்பு கண்ணை மறைக்கும். எனக்கு வந்த உயர வித்தியாசம் ஒரு கட்டை விரல் அகலம்தான், அதற்கே கண்ணாடிகளையெல்லாம் மறுபடி திருப்பி வைக்க வேண்டியிருந்தது.

அளந்ததை அட்டையில் வெட்டி ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டிவி பெட்டி அட்டை போதும். சீட்டைக் கவிழ்த்து அட்டையை வைத்துப் பார்த்தால், டேப் பிடித்து அரைமணி நேரம் குழம்புவதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

சீட்டைத் தேர்ந்தெடுப்பது

நம் பக்கத்தில் பழைய கார் சாமான் அதிகம் கிடைக்காது. நல்ல ஜோடி வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே சீட் வாங்கும்போது முதலில் முதுகுப் பக்கத்தின் வெளி ஓரத்தைப் பாருங்கள், அதாவது கதவை ஒட்டி வரும் ஓரம். அங்கே ஏர்பேக் என்று எழுதிய துணுக்கு தைத்திருந்தால் அந்த சீட்டுக்குள் வெடிமருந்து இருக்கிறது. அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தொங்கும். உங்கள் பழைய காரில் அதை இயக்கும் கம்ப்யூட்டர் கிடையாது, ஆகவே அது பாதுகாப்புத் தராது. ஆனால் தவறான மின்சாரம் பட்டால் வெடிக்கும். மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பது, அந்த ஓரத்தில் ஊசி குத்தித் தைப்பது, பக்கத்தில் வெல்டிங் வைப்பது எதுவும் கூடாது. பக்க ஏர்பேக் இல்லாத வேரியன்ட்டின் சீட்டைத் தேடி வாங்குவதே சரி. சில கார்களில் பக்கிளின் அடியிலும் இதே மாதிரி வெடிமருந்து வைத்த இழுப்பான் இருக்கும், மஞ்சள் ஒயர்தான் அதற்கும் அடையாளம்.

அடுத்தது ரெயில், அதாவது சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம். லிவரைத் தூக்கி முன்னும் பின்னும் தள்ளி விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் அந்த சீட்டின் சட்டம் வளைந்திருக்கிறது, பெரும்பாலும் அடிபட்ட வண்டியிலிருந்து வந்திருக்கும். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மூக்கை ஃபோமில் வைத்து முகர்ந்து பாருங்கள். மழைவெள்ளத்தில் மூழ்கிய காரின் சீட் எவ்வளவு கழுவினாலும் சேற்று வாடை விடாது, அதன் ரெயிலின் உள்ளே துருவும் நிச்சயம்.

மோட்டார் வைத்த பவர் சீட் வேண்டாம் என்பது என் கருத்து. கனம் அதிகம், உயரம் அதிகம், நம் காற்றில் மோட்டாரின் முனைகள் பச்சை பூத்துவிடும். ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃப்யூஸ் போட்டு இணைக்க வேண்டும், சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்து எடுக்கக் கூடாது.

பழைய சீட்டைக் கழற்றுவது

இரண்டு நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள். காரைத் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து போல்ட்டின் முனை தெரியும் இடத்திலெல்லாம் துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். மேலிருந்தும் அடியுங்கள். மறுநாள் சாயங்காலம் இன்னொரு தரம்.

கழற்றும் நாளில் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருந்து பிறகுதான் ஒயரில் கை வைக்க வேண்டும். சீட்டைப் பின்னால் தள்ளினால் முன் போல்ட்டும், முன்னால் தள்ளினால் பின் போல்ட்டும் தெரியும். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் பதினாலாம் நம்பர் தலை.

இங்கேதான் பொறுமை. உள்ளூர் கார் என்றால் போல்ட் ஒரு சுற்று வந்ததும் இறுகும். அப்போது மேலும் திருகாதீர்கள். அரைச் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, முக்கால் சுற்று கழற்றுங்கள். இப்படியே முன்னும் பின்னுமாக. அவசரப்பட்டு இம்பாக்ட் கன் போட்டால் தரையின் உள்பக்கம் வெல்டு செய்திருக்கும் நட்டு பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும், அல்லது போல்ட்டின் தலை ஒடியும். எனக்கு முன்னிடது போல்ட் ஒடிந்தது. மீதி நின்ற தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் திருகி எடுத்தோம். இந்த வேலை செய்யும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும், கார்ப்பெட்டை முழுவதும் சுருட்டி விலக்க வேண்டும், தரைக்கு அடியில் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று முதலில் படுத்துப் பார்க்க வேண்டும். தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சீட் இருபது கிலோ பக்கம் கனம் இருக்கும். முதுகை முழுக்கச் சாய்த்து, கதவுப்படியில் பழைய போர்வை விரித்து, இரண்டு பேராக வெளியே எடுங்கள்.

தரை

சீட் வெளியே வந்தபின் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். இந்த முழு வேலையிலும் மதிப்புள்ள நேரம் இதுதான். இருபது வருடத்தில் அந்த இடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் காரில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த கம்பளி அட்டை ஈரமாக இருந்தது. பிழிந்து நாக்கில் வைத்தேன், கரித்தது. அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில் எனக்கே விடை தெரிந்தது. உறவுக்காரர்கள் வந்தால் ராமேசுவரம் கூட்டிப்போவோம். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியும் ஈரச் சேலையுமாகக் காரில் ஏறி உட்காருவார்கள். வருடக்கணக்கில் அந்த நீரெல்லாம் ஃபோம் வழியாக இறங்கி, ரெயில் வழியாகத் தரைக்கு வந்திருக்கிறது. கூடவே மணல். 2017-ல் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கார் நேரே கடல் ஓரம் வரை போகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கதவைத் திறந்து மூடுவதற்குள் கைப்பிடி மணல் உள்ளே வந்துவிடும்.

முதலில் கழுவ வேண்டும், நல்ல தண்ணீரால் மட்டும். நம் ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதை வைத்துக் கழுவினால் உப்பை உப்பால் கழுவியது போலத்தான். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். துணியில் நனைத்துத் துடைத்துப் பிழிந்து, மறுபடி துடைத்து, நாலைந்து தரம் செய்யுங்கள். பிறகு கதவுகளைத் திறந்துபோட்டு முழு வெயிலில் காயவிடுங்கள். இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரை நல்ல மாதங்கள். வாடைக்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் எதுவும் காயாது.

காய்ந்தபின் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பாருங்கள். 'டிங்' என்று கெட்டிச் சத்தம் வந்தால் மேலோட்டமான துரு. முனை அமுங்கினாலோ ஓட்டையே விழுந்தாலோ அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யாமல் சீட்டை மாட்டக் கூடாது. போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். கார் தரையின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது, அதில் கால்வாசியைத் துரு தின்றிருந்தாலே பலம் போய்விட்டது. பட்டி வைத்துப் பூசி மறைக்கும் டிங்கரிங் வேலைக்கு இங்கே இடமே இல்லை.

மேலோட்டமான துருவுக்கு பாஸ்போரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றி பூசி ஒரு நாள் விடுங்கள். பிறகு எபாக்சி பிரைமர், மூட்டுகளில் சீம் சீலர், அதன் மேல் பெயிண்ட். அடிப்பக்கமும் அதே மாதிரி. குழாய் போன்ற பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் இடது பக்கத் தரைக்குத்தான் வரும். அதையும், தரையில் உள்ள ரப்பர் மூடிகளையும் இப்போதே சரிபாருங்கள். பழைய கம்பளி அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு நீர் உறிஞ்சாத ஃபோம் விரிப்பு போடுவது நல்லது.

பட்டை செய்வது

புது சீட்டின் ஓட்டையும் பழைய தரையின் ஓட்டையும் ஒத்துவராதபோது மூன்று வழி உண்டு. முதலாவது, பழைய காரின் ரெயிலைப் புது சீட்டின் அடிச்சட்டத்தில் மாட்டிவிடுவது. சட்டத்தின் ஓட்டைகள் ஒத்துவந்தால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. இரண்டாவது, தரைக்கும் ரெயிலுக்கும் நடுவில் பட்டை வைப்பது. பெரும்பாலும் இதுதான் அமையும். மூன்றாவது, தரையில் புது ஓட்டை போடுவது. வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

நான்காவதாக ஒன்றைப் பட்டறைகளில் செய்கிறார்கள். சீட்டின் காலையே வெட்டி வளைத்து வெல்டு வைப்பது. புது மாடல் சீட்டுகளின் சட்டம் உயர்பலம் கொண்ட எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் குறைந்துவிடும், பார்வைக்குத் தெரியாது. அப்படிச் செய்ய ஒருபோதும் விடாதீர்கள்.

பட்டைக்கு 6 மில்லிமீட்டர் கனமுள்ள எம்.எஸ். ஃபிளாட் (சாதா எஃகின் தட்டைப் பட்டை) எடுங்கள். ஒவ்வொரு ரெயிலுக்கும் முன்னிருந்து பின்வரை ஒரே துண்டாகப் போகும்படி செய்தால் துண்டு துண்டாகச் செய்வதைவிட உறுதி. ஓட்டை 10.5 மில்லிமீட்டர், டிரில்லில் போட்டது. கேஸ் கட்டரில் ஊதிய ஓட்டை கோணலாகவும் ஓரம் கடினப்பட்டும் இருக்கும். தரை உயர வித்தியாசத்தைச் சரிக்கட்ட வாஷரை வாஷர் மேல் அடுக்காதீர்கள். அடுக்கு உயர உயர, போல்ட் இழுவையைத் தாங்குவதற்குப் பதில் வளைவைத் தாங்க வேண்டியதாகிவிடும். லேத்தில் கனமான குழாய்த் துண்டு கடைந்து வாங்கிப் போடுங்கள்.

கீழக்கரையில் எனக்கு இதைச் செய்து தந்தவர் மீன்பிடிப் படகுகளுக்குத் தண்டு கடையும் லேத் பட்டறைக்காரர். இரண்டு பட்டைகளையும் நான் தனித்தனியே அளந்து எடுத்துப் போயிருந்தேன். அவர் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டையும் ஒண்ணா கட்டி வச்சு ஓட்டை போடணும், தனித்தனியா போட்டா அரை மில்லி ஓடும்" என்றார். "அரை மில்லிதானே காக்கா" என்றேன் (காக்கா என்றால் அண்ணன்). சீட்டைத் தூக்கி ரெயில்களை ஒரு நூல் அளவு கோணலாகப் பிடித்து நகர்த்தச் சொன்னார். நகரவில்லை. இரண்டு ரெயிலும் இணையாகவும் ஒரே மட்டத்திலும் இல்லாவிட்டால் சீட் பாதி வழியில் சிக்கும், ஒரு பக்கம் மட்டும் பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய சீட் திடீர் பிரேக்கில் முறுக்கிக்கொண்டு விடுபட்டுவிடும்.

தரையில் புது ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் தாங்கு தகடு அவசியம். ராலி கார்களுக்கு சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் அளவையே நான் பின்பற்றுவேன்: ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு, எஃகு என்றால் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனம். தகட்டின் மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர் மூலை தரைத் தகட்டைக் கிழிக்கும். ஓட்டையின் வெட்டு ஓரத்தில் பிரைமர் தொட்டுவைக்காமல் போல்ட்டை விடாதீர்கள், நம் ஊரில் துரு முளைப்பது அங்கேதான்.

போல்ட்: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரைக்காரர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. நானும் செய்தேன். மண்டபத்தில் படகுச் சாமான் விற்கும் கடையில் பளபளவென்று எஸ்.எஸ். போல்ட் வாங்கி வந்தேன். துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 தர எஸ்.எஸ். போல்ட் சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டன் இழுவையில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8 தர எஃகு போல்ட் 640 வரை தாங்கும். சீட்டைப் பிடிக்கும் இடத்தில் இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க முடியாது. போதாததற்கு எஸ்.எஸ். நட்டும் எஸ்.எஸ். போல்ட்டும் இறுக்கும்போது ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றுவிடும். ஈர உப்பு சேர்ந்தால் எஸ்.எஸ். தான் தப்பித்துக்கொண்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சாதா இரும்பைத் தின்னக் கொடுக்கும். தலையில் 8.8 என்று பொறித்த, துத்தநாகப் பூச்சு உள்ள எஃகு போல்ட்டே வாங்குங்கள். இறுக்கியபின் வெளியே தெரியும் முனையில் மெழுகு ஸ்ப்ரே அடித்தால் துருவுக்கும் வழி இருக்காது.

மரையையும் பாருங்கள். ஜப்பானியக் கார்களின் சீட் போல்ட் பெரும்பாலும் எம்10, 1.25 மரை, அதாவது 10 மில்லிமீட்டர் கனம், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.25 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் எம்10 கேட்டால் கைக்கு வருவது 1.5 மரை. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். துரு என்று நினைத்துப் பலம் போட்டால் தரையில் உள்ள நட்டின் மரை மொத்தமும் போய்விடும். ஒரு பட்டறையில் என் கண் முன்னே அப்படி ஒரு நட்டு பாழானது. பழைய போல்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் மரையோடு மரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். மாட்டும் முன் மரை வெட்டும் 1.25 டேப் ஒன்றை விட்டுத் தரை நட்டின் மரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

பெல்ட்

பக்கிள் எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சீட்டோடு சேர்ந்து வருவதாக இருந்தால், புது சீட்டின் பக்கிளில் உங்கள் பழைய காரின் பெல்ட் நாக்கு சேராமல் போகலாம். சேர்ந்து 'கிளிக்' என்று சத்தம் வந்தாலும் நம்பாதீர்கள். வேறு வேறு கம்பெனி பெல்ட்டும் பக்கிளும் இழுவையில் பிடித்து நிற்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பழைய காரின் பக்கிளைக் கழற்றிப் புது சீட்டில் மாட்டுங்கள், அல்லது பெல்ட்டையும் பக்கிளையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். பெல்ட் போல்ட்டின் மரை வேறு. உலகம் முழுக்க அது பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அங்கே எம்10-ஐ விட்டு ஒட்டவைக்கக் கூடாது.

மாட்டியபின் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுங்கள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். புது சீட்டின் தொடைப் புடைப்பு பக்கிளை மேலே தள்ளினால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், அப்படியானால் பக்கிளின் இடத்தை மாற்றியாக வேண்டும். தோள்பட்டை, கழுத்தை உரசாமலும் தோளிலிருந்து நழுவாமலும் தோளின் நடுவில் போக வேண்டும்.

மாட்டி இறுக்குவது

நான்கு போல்ட்டையும் முதலில் விரலால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு மற்றதைத் தேடினால் மரை குறுக்கே ஏறும். பிறகு சீட்டை முன்னும் பின்னும் ஒரு தரம் முழுக்க நகர்த்தினால் ரெயில் தானாக நேர்ப்படும். அதன்பின் டார்க் ரென்ச், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர். ஹோண்டாவின் சீட் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 34 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதால் துடைத்துவிட்டு இறுக்குங்கள்.

தலை சாயும் கட்டையின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், தலைக்கும் அதற்கும் இடையே நான்கு விரலுக்கு மேல் இடைவெளி வேண்டாம். பின்னால் இடிக்கும் விபத்தில் கழுத்தைக் காப்பது அதுதான். பழைய சீட்டில் அந்தக் கட்டை என் பிடரி வரைதான் வந்தது. சீட் மாற்றியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இது என்றே சொல்வேன்.

முதல் ஓட்டம் ஆள் இல்லாத சாலையில். தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை அதிகாலையில் காலியாக இருக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். சீட்டில் சிறு அசைவு, 'கடக்' சத்தம் எது வந்தாலும் நிறுத்திப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நான்கு போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச்சால் சோதியுங்கள். புதுப் பெயிண்டும் புதுப் பட்டையும் அமுங்கி உட்காரும்போது இறுக்கம் கொஞ்சம் குறையும்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆகவே சீட்டின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். பின் சீட்டை எடுத்துவிட்டு இரண்டு சீட் காராக ஓட்டும் ஆசை இங்கே செல்லாது. 15 வருடம் தாண்டிய காரை 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் பார்ப்பார். பட்டை செய்தபோது எடுத்த படங்களும் போல்ட் வாங்கிய பில்லும் கையில் இருந்தால் பேச்சு சுலபம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள், வண்டியை விற்கும் நாளில் கேட்பார்கள்.

பிறகு பராமரிப்பு

ரெயிலில் வெளிப்புறமாகக் கிரீஸ் அப்பாதீர்கள். தனுஷ்கோடி மணலும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள் போல ரெயிலைத் தேய்த்துவிடும். ஒட்டாத சிலிகான் ஸ்ப்ரே போதும். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே ரெயிலின் பள்ளத்தை வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி விரலால் தடவிப் பாருங்கள், ஈரமிருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மூடுங்கள்.

தீர்த்தமாடப் போகும்போது நான் இப்போது இரண்டு பழைய ரெக்ஸின் விரிப்புகளையும் அவற்றின் மேல் போடத் துண்டுகளையும் டிக்கியில் வைத்திருக்கிறேன். என் பெரியம்மா போன மாதம் வந்தபோது ஈரச் சேலையோடு கதவருகே நின்று, "புது சீட்டாமே, உக்காரலாமாடா?" என்று கேட்டார்கள். விரிப்பைப் போட்டு உட்காரவைத்தேன். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரும் முன்பே தலைக்கட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விரிப்பை எடுத்துப் பார்த்தேன். அடியில் துணி உலர்ந்தே இருந்தது.